விலை ஏறினா ஒரு கணக்கு, சரக்கே இல்லேன்னா வேற கணக்கு: வாங்கி வைக்கறதா, மாத்தறதா, குறைக்கறதா?

போன மாசம் பரண் மேல இருந்து ஒரு மூட்டையை இறக்கினேன். துணி துவைக்கற பவுடர், பத்து பாக்கெட். ரேட் ஏறப்போகுதுன்னு எல்லாரும் பேசினப்போ முந்திக்கிட்டு வாங்கி வச்சது, வச்சதே மறந்து போச்சு. மேல இருந்த ரெண்டு மூணு பாக்கெட் பரவாயில்ல, அடியில இருந்ததெல்லாம் ஈரம் ஏறி கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு, சுத்தியலால தட்டி உடைச்சு பக்கெட்ல ஊற வச்சாத்தான் கரையுது, அப்படியே மெஷின்ல போட்டா கட்டி கட்டியா துணியில ஒட்டிக்கிட்டு வருது. இதுல வேடிக்கை என்னன்னா அதே வருஷம் எங்க வீட்ல நிஜமாவே தட்டுப்பாடு வந்தது தண்ணி ஃபில்டருக்குள்ள போடற கேட்ரிட்ஜுக்கு. எங்க மாடலுக்கு ஏத்தது மூணு வாரம் எந்தக் கடையிலயும் இல்ல, தண்ணியைக் கொதிக்க வச்சுக் கொதிக்க வச்சு அடுப்புச் செலவு தனியா ஏறிடுச்சு. எந்தக் கடையில கேட்டாலும் கிடைக்கற சாமான்ல பத்து வச்சிருந்தேன், ஒரே கம்பெனிகிட்ட மட்டும் இருக்கற சாமான்ல ஒண்ணு கூட வைக்கல.

அந்தத் தப்புக்கு அப்புறம்தான் உட்கார்ந்து யோசிச்சேன். விலை ஏறறது வேற, பொருள் கிடைக்காம போறது வேற. ரெண்டும் பெரும்பாலும் கைகோத்துக்கிட்டு வர்றதால நமக்கு ஒரே வியாதி மாதிரி தெரியுது, அதனால ரெண்டுக்கும் ஒரே மருந்து, அதாவது ஓடிப்போய் நிறைய வாங்கி அடுக்கறது.

விலை ஏற்றம் மெதுவா வரும், வந்தா பெரும்பாலும் திரும்பிப் போகாது. பணவீக்கம் 8 சதவீதத்துல இருந்து 4க்கு இறங்கிடுச்சுன்னு நியூஸ்ல சொன்னதும் இனிமே சாமான் விலை குறையும்னு காத்திருக்கறவங்களை எனக்குத் தெரியும், ஆனா இறங்கினது ஏற்றத்தோட வேகம்தான், விலை இன்னமும் மேலதான் போகுது, முன்னைவிட நிதானமா போகுது, அவ்வளவுதான். 72-ஐ வருஷ ஏற்ற சதவீதத்தால வகுத்தா எத்தனை வருஷத்துல விலை ரெண்டு மடங்காகும்னு சுமாரா கிடைச்சிடும், 6 சதவீதம்னா 12 வருஷம். இப்படிப்பட்ட ஏற்றத்தை பரண்ல பத்து பாக்கெட் வச்சு ஜெயிக்க முடியாது, பாக்கெட் தீர்ந்த அன்னிக்கு புது விலையில வாங்கித்தான் ஆகணும். அதுக்கு செலவோட உருவத்தையே மாத்தணும்.

தட்டுப்பாடு அப்படி இல்ல, திடீர்னு வரும், கொஞ்ச நாள் ஆட்டிப்படைக்கும், பெரும்பாலும் போயிடும். 2021 மார்ச் 23-ஆம் தேதி எவர் கிவன்னு 400 மீட்டர் நீளக் கப்பல் ஒண்ணு சூயஸ் கால்வாய்ல குறுக்க மாட்டிக்கிச்சே, ஆறு நாள்தான், 29-ஆம் தேதி நகர்த்திட்டாங்க, ஆனா அப்போ உலக வர்த்தகத்துல சுமார் 12 சதவீதம் போன வழிங்கறதால பின்னாடி நூத்துக்கணக்குல கப்பல் வரிசைகட்டி நின்னு, அதெல்லாம் துறைமுகத்துல ஒரே நேரத்துல போய் இறங்கி, நெரிசல் தீர வாரக்கணக்கா ஆச்சு. இந்த மாதிரி இடைவெளியைத் தாண்டறதுக்குத்தான் கையிருப்பு. பாலம் மாதிரி, அக்கரை வரைக்கும் போனா போதும், ஊர் முழுக்கப் பாலம் கட்ட வேண்டியதில்ல.

சரி, நம்ம கையில என்னென்ன வழி இருக்கு? மொத்தமா வாங்கி வைக்கறது, அப்பப்போ கொஞ்சமா வாங்கறது, வேற பிராண்டுக்கோ வேற பொருளுக்கோ மாறறது, பயன்பாட்டையே குறைக்கறது, நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பிரிச்சுக்கறது. எது சிறந்ததுன்னு ஒரே வார்த்தையில கேட்டா எனக்கு பதில் தெரியாது, ஏன்னா வீட்டுக்கு வீடு மாறறதைவிட சாமானுக்கு சாமான் மாறுது. ஆனா எல்லாரும் முதல்ல கை வைக்கறது வாங்கி வைக்கறதுலதான், அதனால அந்தக் கணக்கை முதல்ல போட்டுடறேன்.

ஒரு பொருள் இன்னிக்கு 100, மாசம் 1 சதவீதம் ஏறுதுன்னு வச்சுக்கலாம். மாசத்துக்கு ஒண்ணா ஆறு மாசம் வாங்கினா மொத்தம் 615 சொச்சம் ஆகும். இன்னிக்கே ஆறும் வாங்கினா 600. அலைஞ்சு தூக்கிட்டு வந்து, இடம் ஒதுக்கி, அடுக்கி வச்சதுக்கெல்லாம் சேர்த்து மிச்சம் 15. அந்த ஆறுல ஒண்ணே ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா நஷ்டம் 100! சரி, ஏற்றம் கடுமையா இருக்கு, மாசம் 5 சதவீதம்னு எடுத்தா? அப்பவும் மிச்சம் 80 தான் வரும், ஒரு பாக்கெட் வீணானா அதுவும் காலி. மாசம் 10 சதவீதம் ஏறற மாதிரி பேய்த்தனமான நிலைமையிலதான் மிச்சம் 170 பக்கம் போய், ஒண்ணு கெட்டாலும் தாங்கும். அந்த மாதிரி வேகத்துல எல்லா விலையும் ஏறற காலத்துல காசை கையில வச்சிருக்கறதே நஷ்டம்தான், சாமானா மாத்தி வைக்கறவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. சாதாரண காலத்துல அதே வேலையைச் செஞ்சா என் பவுடர் மூட்டை கதிதான்.

இதுலயும் கார்டு தேய்ச்சு ஸ்டாக் பண்றவங்களைப் பார்த்தா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. அதே 600-க்கான சாமானை மாசம் 3 சதவீத வட்டியில வாங்கி, உடனே 100 கட்டிட்டு மீதியை மாசம் 100 வீதம் அடைச்சா வட்டி மட்டும் 45 ஆகும். 15 மிச்சம் பிடிக்க 45 கட்டறோம். கண்ணை வித்து சித்திரம் வாங்கற கதைதான் இது. கடன்ல ஸ்டாக் வேணவே வேணாம், ஆஃபர்னு எவ்வளவு பெருசா போர்டு வச்சாலும்.

வீட்ல வச்சா என்ன கெடும், என்ன கெடாதுன்னும் பார்க்கணும், இதுல நிறைய பேர் ஏமாந்து போறாங்க. சர்க்கரை, உப்பு ஈரம் படாம இருந்தா வருஷக்கணக்கா இருக்கும். எண்ணெய்க்கு வெளிச்சம், சூடு, காத்து மூணும் எதிரி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில வச்ச எண்ணெய் தேதி முடியறதுக்கு முன்னாடியே சிக்கு வாடை அடிக்கும். முழு தானிய மாவு உடம்புக்கு நல்லதுதான், ஆனா தவிடும் முளையும் சேர்ந்து அரைபடறதால அதுல எண்ணெய்ச் சத்து அதிகம், வெள்ளை மாவைவிட சீக்கிரம் கசந்து போகும், ஆக ஆரோக்கியமானதுன்னு அதை மூட்டையா வாங்கறவங்க ரெட்டை நஷ்டப்படறாங்க. தானியத்துல வண்டு வர்றது வெளியில இருந்துதான்னு நினைக்கறோம், பாதி நேரம் முட்டை தானியத்துக்குள்ளயே கூட வருது, டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் உள்ளேயே பொரிச்சிடும். ப்ளீச் பாத்திரத்துல அப்படியேதான் இருக்கற மாதிரி தெரியும், ஆனா மாசங்கள் போகப் போக வீரியம் குறைஞ்சிக்கிட்டே வரும், ஒரு வருஷத்துக்கு வாங்கி வச்சா கடைசி பாட்டில் முதல் பாட்டில் மாதிரி வேலை செய்யாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் மாதிரி தீப்பிடிக்கற சமாச்சாரத்தை வீட்ல சேர்க்கறதைப் பத்திப் பேசவே வேணாம், அது லாப நஷ்டக் கணக்குக்கே வராது.

இன்னொரு விஷயம், நாம வாங்கி அடுக்கறதே தட்டுப்பாட்டை உண்டாக்கும். 1973 டிசம்பர் 19-ஆம் தேதி அமெரிக்காவுல ஜானி கார்சன்னு பிரபலமான டிவி தொகுப்பாளர், டாய்லெட் பேப்பருக்குத் தட்டுப்பாடு வரப்போகுதுன்னு ஒரு ஜோக் அடிச்சார், ஜோக்குதான், மறுநாள் ஜனங்க கடைக்கு ஓடிட்டாங்க, அலமாரி நிஜமாவே காலியாச்சு. அதுக்கு முந்தின மாசம் ஜப்பான்லயும் பெட்ரோலிய எண்ணெய் நெருக்கடி பயத்துல இதே பேப்பருக்கு இதே கூத்து. யோசிச்சுப் பாருங்க, மாசம் ஒண்ணு வாங்கற வீடெல்லாம் இந்த மாசம் மட்டும் ரெண்டு வாங்கினா கடைக்கு தேவை ரெண்டு மடங்கு, ஆனா வீட்டுக்குள்ள ஒருத்தரும் கூடுதலா உபயோகிக்கல. கடைக்காரர் அலமாரி காலியானதைப் பார்த்து மூணு மடங்கு ஆர்டர் போடுவார், மொத்த வியாபாரி நாலு மடங்கு கேட்பார், ஃபேக்டரி ராப்பகலா ஓடும், அடுத்த மாசம் எல்லார் வீட்லயும் இருப்பு இருக்கறதால விற்பனை படுத்துடும். 1990-கள்ல ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி குழந்தைங்க டயப்பர்ல இதைக் கவனிச்சு இதுக்கு சாட்டைவீச்சு விளைவுன்னே பேர் வச்சாங்க. குழந்தை ஒரே சீராத்தான் நனைக்குது, ஆர்டர் மட்டும் மேலயும் கீழயும் குதிக்குது! கைப்பிடியில சின்ன அசைவு, சாட்டை நுனியில பெரிய வீச்சு.

அப்போ கையிருப்பே வேணாமான்னா, அதுவும் இல்ல. டொயோட்டாவைப் பாருங்க, தேவைப்படற நேரத்துக்கு தேவைப்படற அளவு மட்டும்னு கையிருப்பே இல்லாத முறையை உலகத்துக்கே கத்துக் கொடுத்த கம்பெனி. 2011 மார்ச்ல ஜப்பான்ல நிலநடுக்கமும் சுனாமியும் வந்து சப்ளை அறுந்து போனப்புறம் அவங்களே திருந்தினாங்க, எல்லாத்தையும் குவிக்கல, எந்த பார்ட் இல்லேன்னா வண்டி நிக்குமோ, எந்த பார்ட் திரும்ப வர லேட்டாகுமோ, அதை மட்டும் தேர்ந்தெடுத்தாங்க. சிப் மாதிரி சமாச்சாரத்தை சப்ளையர்ங்க ரெண்டு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் கையில வச்சிருக்கணும்னு சொன்னாங்க. அதனாலதான் 2021 ஆரம்பத்துல மத்த கார் கம்பெனியெல்லாம் சிப் இல்லாம திணறினப்போ இவங்க கொஞ்ச காலம் ஓட்டினாங்க. கொஞ்ச காலம்தான், செப்டம்பர் மாச உற்பத்தியை 40 சதவீதம் குறைக்கப் போறதா அந்த வருஷம் ஆகஸ்ட்ல இவங்களும் அறிவிச்சாங்க. எனக்கு இதுல பிடிச்சது ரெண்டு பாதியும்தான், சரியான பொருளைத் தேர்ந்தெடுத்து வச்சா நேரம் கிடைக்கும், ஆனா நேரம் மட்டும்தான் கிடைக்கும்.

வீட்டுக்கு இதை எப்படி இறக்கறது? எங்க வீட்ல இப்போ நடக்கறது, திறந்த பாக்கெட் ஒண்ணு, திறக்காதது ஒண்ணு. திறக்காததைத் திறந்த அன்னிக்கு லிஸ்ட்ல எழுதிடறது. அவ்வளவுதான் ஸ்டாக். பழசை முன்னாடி தள்ளி புதுசைப் பின்னாடி வைக்கறது. தீர்ந்ததுக்கு அப்புறம் வாங்கற வீட்டுக்கும் திறந்ததும் வாங்கற வீட்டுக்கும் மொத்த செலவு ஒண்ணேதான், ஆனா ரெண்டாவது வீட்டுக்கு அவசரமே கிடையாது, எந்தக் கடையில எப்ப ரேட் நல்லா இருக்கோ அப்ப வாங்கலாம், ஒரு வாரம் கிடைக்கலேன்னாலும் கவலை இல்ல.

அப்பப்போ கொஞ்சமா வாங்கறதைப் பத்தி. கையில காசு புரளாதவங்களுக்கு இது ஒரு வழி இல்ல, இதுதான் வழி, அவங்ககிட்ட போய் பெரிய பாக்கெட் வாங்கினா மலிவுன்னு சொல்றது வயித்தெரிச்சல். உண்மையும் அதுதான், சின்ன பாக்கெட்ல கிராமுக்கு விலை பொதுவா அதிகம், ஏழைக்கு அதே பொருள் கூடுதல் விலைக்கு விக்குது. ஆனா எப்பவுமே இல்ல. சில சமயம் சின்ன பாக்கெட்ல போட்டி அதிகம்கறதால கம்பெனியே அதை மலிவா வச்சிருப்பான், ரெண்டு சின்னது ஒரு பெருசைவிட விலை கம்மியா இருக்கும், ஃபேமிலி பேக்னு பேரைப் பார்த்து நாம பெருசைத் தூக்கிட்டு வருவோம். போன்ல கால்குலேட்டர் இருக்கு, விலையை கிராமால வகுக்க பத்து செகண்ட். வகுக்கறப்போ எடையை நல்லாப் பார்க்கணும், ஏன்னா விலையை ஏத்தாம எடையைக் குறைக்கறது இப்போ எல்லா இடத்துலயும் நடக்குது, ஷ்ரிங்க்ஃப்ளேஷன்னு சொல்றாங்களே அது. 1 கிலோ 900 கிராமாச்சு, விலை அதேதான்னா 10 சதவீதம் ஏறினதா தோணும், உண்மையில 11 சதவீதத்துக்கு மேல ஏறியிருக்கு. பிரான்ஸ்ல 2024 ஜூலை 1-ல இருந்து பெரிய கடைகள் இந்த மாதிரி சுருங்கின பாக்கெட்டுக்குப் பக்கத்துலயே எழுதி வைக்கணும்னு விதி போட்டிருக்காங்க. அந்த விதி இல்லாத இடத்துல பழைய காலி டப்பாவை ஒண்ணு வச்சுக்கிட்டு புதுசோட ஒப்பிடறதுதான் நம்ம விதி. ஒரு பிஸ்கட் பாக்கெட்ல அட்டையும் கலரும் அப்படியே இருக்க உள்ள மட்டும் ரெண்டு பிஸ்கட் குறைஞ்சதை எங்க வீட்டுப் பொண்ணுதான் கண்டுபிடிச்சா, எனக்கு ஆறு மாசமா தெரியவே இல்ல.

மாறறது, அதாவது வேற பிராண்ட், வேற பொருள். விலை ஏற்றத்துக்கு இதுதான் முதல் மருந்துன்னு நான் சொல்வேன், ஆனா ரெண்டு குழி இருக்கு. முதல் குழி, விலையைப் பார்த்து மாறறது, ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகுதுன்னு பார்க்காம. 20 சதவீதம் மலிவான பாத்திர சோப்பு, நுரை வரமாட்டேங்குதுன்னு 30 சதவீதம் அதிகமா தேய்க்கறோம்னா செலவு பழைய சோப்பைவிட 4 சதவீதம் கூடுதல், கை எரிச்சல் இலவசம். ரெண்டாவது குழி இன்னும் ஆழம், தட்டுப்பாடு வந்தப்புறம் மாறலாம்னு நினைக்கறது. நமக்குத் தோணற மாற்று எல்லாருக்கும் அதே நாள்தான் தோணும். 2022 பிப்ரவரியில உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் சூரியகாந்தி எண்ணெய்க்குப் பிரச்சினையாச்சு, ஏன்னா அதை உலகத்துலயே அதிகமா ஏற்றுமதி பண்ணினது உக்ரைன்தான். சரி, பாமாயில் இருக்கேன்னு உலகமே அந்தப் பக்கம் திரும்பினா அதுவும் ஏறுச்சு, உள்ளூர்ல எண்ணெய் விலை ஏறிப்போன இந்தோனேசியா ஏப்ரல் 28-ல இருந்து பாமாயில் ஏற்றுமதிக்கே தடை போட்டாங்க, மே 23-ஆம் தேதிதான் எடுத்தாங்க. மாற்றுக்கே மாற்று தேட வேண்டிய நிலைமை.

அதனால மாற்றை நல்ல காலத்துலயே பழகி வச்சுக்கணும். எண்ணெய், மாவு, சோப்பு எதுவா இருந்தாலும் ரெண்டாவது பிராண்ட் ஒண்ணை வருஷத்துல ஒரு தடவையாவது சின்ன பாக்கெட் வாங்கி உபயோகிச்சுப் பார்த்தா, எது ஒத்துக்கும் எது ஒத்துக்காதுன்னு முன்னாடியே தெரியும், தட்டுப்பாடு வந்த அன்னிக்கு கடையில நின்னு குழம்ப வேண்டியதில்ல. நான் வாங்கற சாமானுக்கு நேரா ரெண்டாவது பேரை லிஸ்ட்லயே எழுதி வச்சிருக்கேன், ரெண்டாவது பேர் எழுத முடியாத சாமான் எதுன்னு பார்த்தா கையிருப்பு எதுக்கு வேணும்கறதும் தானா தெரிஞ்சிடுது, அந்த ஃபில்டர் கேட்ரிட்ஜ் மாதிரி.

மருந்து மட்டும் இதுல தனி. அதே மூலப்பொருள், அதே அளவு இருக்கற ஜெனரிக் மருந்து பெரும்பாலும் பெரிய பேர் போட்டதைவிட மலிவு, ஆனா டாக்டர்கிட்டயோ மருந்தாளுநர்கிட்டயோ கேட்டுட்டு மாறணும், தைராய்டு, வலிப்பு மாதிரி சில மருந்துகள்ல பிராண்ட் மாத்தறதுக்கே கவனம் தேவை. விலை ஏறிடுச்சுன்னு மாத்திரையைப் பாதியா உடைச்சு ரெண்டு நாளைக்கு ஓட்டறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. தினமும் சாப்பிடற மருந்து கையில ரெண்டு வாரத்துக்கு மிச்சம் இருக்கறப்பவே அடுத்ததை வாங்கிடறது, தேதி பார்த்து வாங்கறது, இது ரெண்டும் போதும்.

குறைக்கறது. இந்த வார்த்தையைக் கேட்டாலே வாயைக் கட்டி வயித்தைக் கட்டறதுதான் ஞாபகம் வருது, ஆனா நான் சொல்றது அளக்கறதை. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு எங்க அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க, எரிச்சலா இருக்கும், ஒரு தடவை வீம்புக்குத்தான் அளந்தேன். ஒவ்வொரு பாக்கெட்டையும் திறக்கற அன்னிக்கு மார்க்கர் பேனாவால அதுமேலயே தேதி எழுதினேன், காலியானதும் இன்னொரு தேதி. கை கழுவற லிக்விட் ஒரு லிட்டர் ரீஃபில் 24 நாள் வந்துச்சு. 5 லிட்டர் கேன் வாங்கினா லிட்டருக்கு மலிவுன்னு வாங்கினேன், 120 நாள் வரணும் இல்லையா, 95-ஆவது நாள் கேன் காலி. யாரும் திருடல, கேன்ல நிறைய இருக்குங்கற தைரியத்துல பாட்டிலை அடிக்கடி நிரப்பினோம், பம்பை ரெண்டு தடவை அமுக்கினோம், அவ்வளவுதான். ஆக நான் கண்ட லிட்டருக்கு மலிவு எல்லாம் சிங்க்ல போயிருச்சு. இப்போ பம்போட தண்டுல ஒரு ரப்பர் பேண்டை ரெண்டு சுத்து சுத்தி வச்சிருக்கோம், பாதிதான் அமுங்கும், கை சுத்தமாத்தான் இருக்கு, ஒருத்தரும் குறை சொல்லல.

ஆனா இந்த மாதிரி சில்லறை வேலையில மயங்கி பெரிய ஓட்டையை விட்டுடக் கூடாது, இதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். மாசச் செலவு 100-ல சோப்பு வகையறா 2 தான்னா, அதுல அஞ்சுல ஒரு பங்கை மிச்சம் பிடிச்சாலும் கையில நிக்கறது 0.4. வாடகை, வண்டி, கரண்ட், போன் பில், மறந்தே போன சந்தா, இதுல எதுலயாவது அந்த 100-ல 3 குறைஞ்சா, அந்த ஒரு மாச மிச்சமே ஏழெட்டு மாச ரப்பர் பேண்டுக்குச் சமம். மாசா மாசம் தானா கழியற சந்தா லிஸ்டை எடுத்து ஒரு தடவை பார்த்தீங்கன்னாலே, யாருமே திறக்காத ஆப் ஒண்ணு கண்டிப்பா சிக்கும். கரண்ட்ல சூடு பண்றதும் குளிர வைக்கறதும்தான் பூதம், மத்ததெல்லாம் பிசாசு. பழைய 60 வாட் குண்டு பல்பு தர்ற வெளிச்சத்தை எல்ஈடி 8, 9 வாட்ல தருது, அதை பல பேர் மாத்திட்டாங்க, ஆனா வாட்டர் ஹீட்டர் டெம்பரேச்சர் நாப் வாங்கின நாள்ல இருந்து ஒரே இடத்துல இருக்கும். ஃப்ரிட்ஜ் உள்ள 4 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18 போதும், அதுக்குக் கீழ குளிர வைக்கறது வீண். சாமான் வீணாகறதும் இதுல சேர்த்திதான், வாங்கி அழுகிப்போய் குப்பைக்குப் போற காய்க்கு எந்த ஆஃபரும் ஈடாகாது.

ரிப்பேர் பண்றதா, புதுசு வாங்கறதாங்கறதுல ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். பழைய விதி ரிப்பேர் செலவு புது விலையில பாதியைத் தாண்டினா தூக்கிப் போடுன்னு சொல்லும், தட்டுப்பாட்டு காலத்துல புதுசுக்குக் காத்திருக்கற வாரங்களையும் விலையில சேர்த்துக்கணும், அப்போ ரிப்பேர் பக்கம் தராசு சாயும். கேஸ்கெட், பெல்ட், ஃப்யூஸ் மாதிரி சின்ன சின்ன பார்ட், காசு கம்மி, சீக்கிரம் கெடாது, இல்லேன்னா மொத்த மெஷினே நிக்கும், இதைத்தான் நிஜமா வாங்கி வைக்கணும், பவுடரை இல்ல.

நாலு பேர் சேர்ந்து வாங்கறது கேக்க அருமையா இருக்கும். நாங்க மூணு வீடு சேர்ந்து ஒரு தடவை மொத்தக் கடையில வாங்கினோம், ரேட் நல்ல வித்தியாசம்தான், ஆனா போய்வர வண்டிச் செலவு, தராசு வச்சுப் பிரிக்கற சண்டை, ஒரு வீட்டுக்காரங்க பணம் தர ரெண்டு மாசம் இழுத்தது, சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம். கெடாத பொருள், சம அளவு பாக்கெட்டா வர்ற பொருள், முன்கூட்டியே பணம் போடற ஆளுங்க, மூணும் அமைஞ்சா செய்யலாம். ஆனா தட்டுப்பாடு வந்தா இதுல ஒரு பலன் இருக்கு, எந்தக் கடையில என்ன வந்திருக்குன்னு மூணு வீட்டுக்கும் தெரிஞ்சிடும், தீர்ந்தவங்க கைமாத்து வாங்கிக்கலாம். சேர்ந்து வாங்கறதை விட்டுட்டோம், இந்தக் கைமாத்து மட்டும் இன்னமும் ஓடுது.

இப்போ ஒவ்வொரு சாமானுக்கும் நான் கேக்கறது ரெண்டே கேள்வி. இது ஒரு மாசம் கிடைக்கலேன்னா வீட்ல என்ன நிக்கும்? இதுக்கு ரெண்டாவது பேர் எழுத முடியுமா? ஒண்ணும் நிக்காது, பேரும் எழுதலாம்னா, ரேட் எவ்வளவு ஏறினாலும் அடுக்கறதில்ல, மாத்திக்கறேன், இல்லேன்னா குறைச்சுக்கறேன். நிக்கும், ஆனா பேர் எழுதலாம்னா திறக்காதது ஒண்ணு. நிக்கும், பேரும் எழுத முடியாதுன்னா அங்கதான் காசை இறக்கறது, அதுவும் சீக்கிரம் கெடாத பொருளா இருந்தா மட்டும். எண்ணிப் பார்த்தா அந்த மூணாவது வகையில மொத்தம் ஆறு ஏழு சாமான்தான் தேறுது, ஒரு ஷூ டப்பாவுல அடங்கிடும், தினசரி மருந்து, மூக்குக்கண்ணாடி ஒண்ணு உபரி, குக்கர் கேஸ்கெட், கதவுப் பூட்டுக்கான பேட்டரி, இப்படி.

கேட்ரிட்ஜ் மட்டும் டப்பாவுல அடங்கல, அலமாரியில தனியா உட்கார்ந்திருக்கு. சீல் பிரிக்காததுதான், ஒண்ணு. கடைக்காரர் மூணா வாங்கினா ரேட் குறைச்சுத் தர்றேன்னார், ஒண்ணு வச்சாலே எட்டு மாசம் ஓடும், அந்த ஃபில்டர் மெஷினுக்கே வயசு ஒன்பது ஆகுது, அது எப்ப கண்ணை மூடுமோ, மூடினா மீதி கேட்ரிட்ஜை என்ன பண்றது, வேணாம்னுட்டு வந்துட்டேன். பவுடர்ல இன்னும் நாலு பாக்கெட் பாக்கி இருக்கு, வாசல் தரை கழுவறதுக்கு உடைச்சு உடைச்சு போட்டுக்கிட்டு இருக்கேன்.